வண்டி ஓட்டியது யார்?

சாலை விபத்துகளைப் பற்றி முந்நூறு வார்த்தையில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லி புனேயில் ஒரு பையனுக்கு உத்தரவு போட்டார்கள். 2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டு நிறைய இன்னும் சில மாதம் பாக்கியிருந்த பையன். பள்ளிப் படிப்பு முடிந்ததைக் கொண்டாட நண்பர்களோடு போய்விட்டுத் திரும்பும்போது, விடியாத நேரத்தில், கல்யாணி நகரில் ஒரு மோட்டார் சைக்கிளை அடித்துத் தூக்கினான். அதில் வந்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள். மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த கம்ப்யூட்டர் என்ஜினியர்கள், ஒரு பெண், ஒரு ஆண். இருவருக்கும் 24 வயசு. பையன் ஓட்டியது போர்ஷே கார். விலை கோடிக் கணக்கில். 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவுகூட ஆகவில்லை. நம்பர் பிளேட் இல்லாமலே ஓடியது.

பதினைந்து மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்துவிட்டது. கட்டுரை எழுதணும், டிராபிக் போலீசோடு பதினைந்து நாள் வேலை செய்யணும், குடியை விட ஆலோசனைக்குப் போகணும். இவைதான் நிபந்தனைகள். தேசமே கொதித்தது. தொலைக்காட்சியில் நாலு நாள் அந்தக் கட்டுரையை வைத்தே கேலி நடந்தது.

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு கட்டுரை பாக்கியிருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாகப் பாக்கி. அதை இப்போது எழுதுகிறேன். முந்நூறு வார்த்தையில் அடங்காது.

*

முதலில் அந்த ஊர்த் தெருவைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். புனே என்கிற பூனா, பேஷ்வாக்களின் தலைநகரம். அந்தத் தெருக்களில் தீண்டப்படாதவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதை 1936இல் அச்சான ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு போகவேண்டும், தன் காலடி பட்ட மண்ணைத் தானே பெருக்கிக்கொண்டே போக. கழுத்தில் மண்சட்டியைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், எச்சில் தரையில் விழாமலிருக்க. எதிரே இந்து வந்தால் நிழல்கூடப் படக்கூடாது. தெரு என்பது எல்லாருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வரலாற்றில் தெரு எப்போதும் பொதுவாக இருந்ததில்லை. யார் நடுவில் போவது, யார் ஒதுங்குவது, யார் பெருக்குவது என்று அதற்கு எழுதாத சட்டம் இருந்தது. அதே ஊரில் 1848இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, பாடம் சொல்லித்தர நடந்துபோன சாவித்திரிபாய் பூலே மேல் சாணியையும் சேற்றையும் வீசியதும் தெருவில் வைத்துத்தான்.

நடப்பதற்கே இப்படி என்றால் வண்டிக்கு? அம்பேத்கர் தன் வாழ்க்கையில் நடந்ததாக எழுதிய இரண்டு சம்பவங்களை எல்லாரும் படித்திருப்பீர்கள். இன்னொரு தடவை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

முதல் சம்பவம் 1901இல். அவருக்கு ஒன்பது வயசு இருக்கும். அண்ணன், அக்காள் பிள்ளைகள் என்று நாலு சிறுவர்களாகச் சேர்ந்து சத்தாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. மஹார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்றமாட்டேன் என்கிறான். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு வழி சொல்கிறார். இரண்டு மடங்கு கூலி கொடுத்துவிட்டு வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான். அப்படித்தான் போனார்கள். ராத்திரியில், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல்.

இரண்டாவது 1929இல். இப்போது அவர் பாரிஸ்டர். தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் போட்ட குழுவில் உறுப்பினர். சாலிஸ்காவ் ஊரில் சேரி சனங்கள் அவரை அழைத்துப் போக வருகிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் யாரும் ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஓட்டமாட்டார்கள். சேரியிலிருந்து வந்தவர்களில் ஒருவரே ஓட்டுகிறார். அவருக்குப் பழக்கம் கிடையாது. பாலத்தில் சக்கரம் சிக்கி, குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி வீசப்பட்டார். கால் எலும்பு முறிந்து பல நாள் படுத்திருந்தார். தீண்டப்படாதவன் பாரிஸ்டரானாலும், குதிரைவண்டி ஓட்டுகிற கூலிக்காரன் தன்னை அவனைவிட உசந்தவனாகத்தான் நினைக்கிறான் என்று அந்த அனுபவத்திலிருந்து அவர் புரிந்துகொண்டார்.

வண்டி ஓட்டத் தெரியாத ஒரு ஆள் கையில் கடிவாளம் போனதற்குச் சாதிதான் காரணம். புனே பையன் கையில் சாவி போனதற்கு என்ன காரணம்? அங்கே வண்டி மறுக்கப்பட்டது, இங்கே எந்த வண்டியும் மறுக்கப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரே கயிறுதான் ஓடுகிறது என்பது என் எண்ணம்.

1893இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்லுவண்டி வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு பொதுத் தெருவில் ஓட்டினார். புலையர் வண்டியில் போவதா என்று அடிக்க வந்தார்கள். வண்டி என்பது நம் சனத்துக்கு வேகம் இல்லை, மரியாதை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் ஓட்டினான் என்பதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஏறக்குறைய ஒரே வயசுப் பையன்கள்தான். ஒருவன் வண்டியைத் தொட்டால் கையில் வெட்டு. இன்னொருவன் இரண்டு பேரைக் கொன்றால் கட்டுரை.

*

எங்கள் வீட்டுக் கதை 1996 டிசம்பரில் நடந்தது. மார்கழிப் பனி.

என் சித்தப்பா டிரைவர். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலனியில் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவர் அவர்தான். முதலில் லாரியில் கிளீனர், அப்புறம் லாரி டிரைவர், அப்புறம் சென்னையில் ஒரு பெரிய வீட்டில் கார் டிரைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். ஊருக்கு வந்தால் எங்கள் நைனாகூட அவர் எதிரில் பீடி பிடிக்கத் தயங்குவார். “கவர்மெண்ட் உத்தியோகஸ்தன் மாதிரி கீறாண்டா” என்று பாட்டி சொல்லும். அந்த வருஷம்தான் நான் சென்னையில் காலேஜில் சேர்ந்திருந்தேன். ஹாஸ்டல் பணத்தில் பாதி சித்தப்பா கட்டியது.

1991க்கு அப்புறம் காருக்கு ஒரு புதுக் காலம் பிறந்தது. அதுவரை அம்பாசடர், பியட். 1983 கடைசியில் மாருதி வந்தது, அதற்கு நாற்பது குதிரைசக்திகூட முழுசாகக் கிடையாது. எண்பது கிலோமீட்டர் வேகம் போனாலே அம்பாசடர் ஆடும், ஓட்டுகிறவனுக்கே பயம் வந்துவிடும். வண்டியே புத்தி சொன்ன காலம் அது. தாராளமயம் வந்ததும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கார்கள் வரிசையாக இறங்கின. நூறில் போனாலும் உள்ளே சத்தமில்லை, ஆட்டமில்லை. சித்தப்பாவின் முதலாளி அப்படி ஒன்று வாங்கினார். “பெடல்ல கால வச்சா போதும்டா, பறக்குது. இத ரோட்டுல ஓட்டறதே தப்பு” என்று சித்தப்பா சொன்னது நினைவிருக்கிறது. பெருமையும் பயமும் கலந்த குரலில் சொன்னார்.

முதலாளியின் மகனுக்குப் பதினாறு வயசு. ப்ளஸ் ஒன். வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஓட்டக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுத்ததும் சித்தப்பாதான். முதலாளியம்மா சொன்னாங்க, கற்றுக்கொடுத்தார். மாட்டேன் என்று சொல்கிற இடத்தில் அவர் இல்லை.

ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, இரண்டு சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு பையன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். கார் ஷெட்டை ஒட்டிய அறையில் சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய ரோட்டில் ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு துப்புரவுத் தொழிலாளியை அடித்துவிட்டான். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. கையிலிருந்த துடைப்பம் ரொம்ப தூரம் தள்ளிக் கிடந்ததாம். பையன் வண்டியை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவை எழுப்பினான்.

அப்புறம்தான் சித்தப்பாவை எழுப்பினார்கள்.

அவரை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. முதலாளி சோபாவில் உட்காரச் சொன்னாராம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக. வக்கீல் வந்திருந்தார். “304ஏ, ஜாமீன் கொடுக்கக்கூடிய கேஸ்தான், ஃபைனோட போயிடும். பையன் வாழ்க்கைப்பா. நீ அவனத் தூக்கி வளர்த்தவன்” என்றார்கள். விடியறதுக்குள்ள சித்தப்பா ஸ்டேஷனில் இருந்தார். நான்தான் ஓட்டினேன் என்று கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷனில் இருந்தவர்களுக்குத் தெரியாதா? காரில் மூன்று பையன்கள் இருந்ததைப் பார்த்த டீக்கடைக்காரர் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவேயில்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி தட்டிக்கழிக்கப் பார்க்கும். நஷ்டஈடு முழுக்க வண்டிச் சொந்தக்காரன் தலையில் விழும். (இப்படிப்பட்ட வழக்கில் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரனிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்கிற முறையை 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.) லைசென்ஸ் உள்ள டிரைவர் ஓட்டினான் என்றால் எல்லாம் கம்பெனி பாடு. ஆக என் சித்தப்பாவின் லைசென்ஸ், எங்கள் காலனியின் முதல் லைசென்ஸ், ஒரு பையனை ஜெயிலிலிருந்தும் ஒரு முதலாளியைச் செலவிலிருந்தும் காப்பாற்றியது.

ஃபைனோடு போகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் ஆறு மாசம் உள்ளே போட்டார்கள். லைசென்ஸ் போனது. முதலாளி நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தார். அதில் காலனி வீட்டுக்குத் தளம் போட்டோம். மிச்சத்தில் என் படிப்பு. இந்தக் கட்டுரையை எழுதுகிற கை அந்தக் காசில் படித்த கை என்பதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. திரும்பி வந்த சித்தப்பாவை முதலாளி வேலைக்குச் சேர்க்கவில்லை. “கேஸ் ஆன டிரைவரை எப்படிப்பா வச்சிக்கிறது” என்று கேட்டாராம். சித்தப்பா இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். அதற்கப்புறம் அவர் ஓட்டியது மீன்பாடி வண்டிதான். அதற்கு லைசென்சும் கிடையாது, நம்பரும் கிடையாது.

செத்துப்போன அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. பேப்பரில் நாலு வரி வந்தது. பெருக்குகிற வேலைக்கு யார் வருகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செத்தது நம்ம சனம். ஜெயிலுக்குப் போனது நம்ம சனம். காசு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டதும் நம்ம சனம், நாங்கள்தான். நம் அவமானங்களை எழுத நாம் பழகிவிட்டோம். நாம் உடந்தையாக இருந்ததை எழுத இன்னும் பழகவில்லை. அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு, அம்மாவைக் கொன்றது ஒரு குடிகாரச் சேரிக்காரன் என்றுதான் சொல்லப்பட்டிருக்கும். அதைத் திருத்த நாங்கள் போகவேயில்லை.

*

சின்ன வயசுக்காரனிடம் பலமான வண்டியைக் கொடுப்பதில் இருக்கிற ஆபத்தை ‘பையன் கெட்டுப்போனான்’ என்று ஒழுக்கக் கதையாகப் பேசுகிறார்கள். இது குணத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஐம்பதில் வந்தால் பிழைக்க வாய்ப்புள்ளவன் நூற்றைம்பதில் வந்தால் பிழைப்பதில்லை. போர்ஷேயின் அந்த மின்சாரக் கார் வகைக்கு நானூறு குதிரைசக்திக்கு மேல். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட, எந்த மாடலானாலும் ஐந்தரை விநாடிக்கும் குறைவுதான். ஆபத்தை எடைபோட்டுத் தன்னை அடக்கிக்கொள்கிற மூளைப்பகுதி இருபத்தைந்து வயசு வரைக்கும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்கிறது மருத்துவம். கூட சோட்டுப் பையன்கள் உட்கார்ந்திருந்தால் விபத்து வாய்ப்பு இன்னும் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் கதையிலும் இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். புனேயிலும் நண்பர்கள் இருந்தார்கள்.

இதைப் புரிந்துகொண்ட நாடுகள் லைசென்சைப் படிப்படியாகக் கொடுக்கின்றன. 1987இல் நியூசிலாந்து தொடங்கியது. புதுசாக லைசென்ஸ் எடுத்தவன் இரவில் ஓட்டவும் ஆள் ஏற்றவும் கட்டுப்பாடு. ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில், ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரைப் புது லைசென்ஸ்காரன் தொடவே கூடாது. இங்கே? 1939 சட்டத்திலும் பதினெட்டு வயசுதான், 1988 சட்டத்திலும் பதினெட்டுதான். ஆனால் பதினெட்டு வந்துவிட்டால் மாருதியும் ஒன்றுதான், போர்ஷேயும் ஒன்றுதான். நானூறு குதிரைக்குத் தனியாக ஒரு பரீட்சையும் கிடையாது. காசுதான் பரீட்சை.

1988 சட்டத்தில், லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டி கொடுத்த சொந்தக்காரனுக்கு அதிகபட்சம் மூன்று மாசம் அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். 1996இல் எங்கள் முதலாளிக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவ்வளவுதான் வந்திருக்கும். அந்த ஆயிரத்தைத் தவிர்க்க நாற்பதாயிரம் கொடுத்தார் என்றால், அவர் காப்பாற்றியது காசை இல்லை, பையன் பெயரை. 2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாசத்துக்கு வண்டிப் பதிவு ரத்து, பையனுக்கு இருபத்தைந்து வயசு வரை லைசென்ஸ் கிடையாது. நல்ல சட்டம்தான். ஆனால் இந்தச் சட்டம் வேலை செய்ய ஒரே ஒரு விஷயம் நிரூபணமாக வேண்டும். வண்டி ஓட்டியது யார்?

அதனால்தான் எல்லா வழக்கிலும் டிரைவர் வந்து நிற்கிறார். 2002 செப்டம்பரில் பம்பாய் பாந்திராவில் ஒரு பேக்கரி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கார் ஏறி ஒருவர் செத்தார், நாலு பேர் காயமடைந்தார்கள். நடிகர் சல்மான் கான் மேல் வழக்கு. அவர் ஒன்றும் பையன் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வருஷம் கழித்து 2015இல் அவருடைய டிரைவர் கூண்டில் ஏறி, வண்டி ஓட்டியது நான் என்றார். விசாரணை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தண்டனை கொடுத்தது. அதே வருஷம் டிசம்பரில் உயர் நீதிமன்றம், குற்றம் சந்தேகமற நிரூபிக்கப்படவில்லை என்று நடிகரை விடுதலை செய்தது. தெருவில் படுத்தால் நாய் மாதிரிதான் சாகணும் என்கிற மாதிரி ஒரு பாடகர் அப்போது பேசினார். பேஷ்வா காலத்துப் பேச்சுதான். 2006இல் அதே பாந்திராவில் கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய கூலித் தொழிலாளிகள் ஏழு பேர் மேல் கார் ஏறியது. 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த தண்டனை மூன்று வருஷம். 2016இல் சென்னை கதீட்ரல் சாலையில், நிறுத்தியிருந்த ஆட்டோக்கள் மேல் ஒரு போர்ஷே ஏறியது. ஆட்டோவுக்குள் தூங்கியவர்கள் அடிபட்டார்கள், ஒரு டிரைவர் செத்தார். ஓட்டியது 22 வயசு மாணவர். தெரு யாருக்குப் படுக்கை, யாருக்கு விளையாட்டுத் திடல் என்று இந்தப் பட்டியல் தெளிவாகவே சொல்கிறது.

*

புனே வழக்கில் தேசம் கேட்டது ஒன்றுதான். பையனைப் பெரியவனாகக் கருதித் தண்டியுங்கள். இந்த இடத்தில் நம் தோழர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

2012 டெல்லி பாலியல் கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 2015இல் சிறார் நீதிச் சட்டம் மாற்றப்பட்டது. பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவன் கொடுங்குற்றம் செய்தால் பெரியவனைப் போல விசாரிக்கலாம். கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷமாக இருக்கணும். 2016 ஏப்ரலில் டெல்லியில், பதினெட்டுக்குச் சில நாளே பாக்கியிருந்த ஒரு பையன் மெர்சிடஸ் ஓட்டி 32 வயசுக்காரர் ஒருவரைக் கொன்றான். பெரியவனாக விசாரிக்கலாம் என்றது வாரியம். உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் முடியாது என்றது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இல்லை, ஆகவே அது சட்டப்படி கொடுங்குற்றம் ஆகாது. புனே பையனையும் பெரியவனாக விசாரிக்க முடியாது என்று 2025 ஜூலையில் வாரியம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2024 ஜூன் 25 அன்று, அவனைக் கூர்நோக்கு இல்லத்திலிருந்து பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்திருந்தது.

நான் இதை எதிர்க்கவில்லை. சிறுவனைத் தூக்கில் போடு, ஜெயிலில் அடை என்று சட்டத்தை இறுக்கினால் முதலில் உள்ளே போவது போர்ஷே பையன் இல்லை. கூர்நோக்கு இல்லங்களுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அங்கே எந்தத் தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. செல்போன் திருடினான் என்று பிடிபட்ட காலனிப் பையனுக்கு எந்த வாரியமாவது அன்றைக்கே ஜாமீன் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்தக் கருணை தப்பில்லை. அது ஒரு வீட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை செய்வதுதான் தப்பு.

புனேயில் குற்றம் ஸ்டியரிங்கோடு முடியவில்லை. குடிக்கிற வயசே மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21, கடும் மதுவுக்கு 25. பதினேழு வயசுப் பையன் கூட்டத்துக்கு ஒரு பாரில் 48,000 ரூபாய் பில் ஆனது என்றது போலீஸ். சசூன் அரசு மருத்துவமனையில் பையனின் ரத்த மாதிரியைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு ரத்தத்தை வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் டாக்டர்கள் கைதானார்கள். அது தாயின் ரத்தம் என்று சொன்னது போலீஸ். தாயும் கைதானார். வீட்டு டிரைவரை அடைத்துவைத்துப் பழியை ஏற்கச் சொன்னதாக அப்பா மேலும் தாத்தா மேலும் வழக்கு. முதலில் ஜாமீன் கொடுத்த விவகாரத்தில் வாரிய உறுப்பினர்கள் இரண்டு பேரை 2024 அக்டோபரில் அரசு நீக்கியது. பையனுக்குப் பதினேழு வயசு. இத்தனை பெரியவர்களுக்கு என்ன வயசு?

சுத்த ரத்தம், பரம்பரை ரத்தம் என்று நூற்றாண்டுகளாகப் பேசிய சமூகத்தில், மாட்டிக்கொண்டதும் ரத்தத்தையே மாற்றிவைத்தார்கள் என்று வழக்கு. இதற்கு மேல் நான் விளக்கம் எழுதத் தேவையில்லை.

*

2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இதில் போர்ஷேக்காரர்கள் கொன்றது கொஞ்சம்தான். பெரும்பாலும் ஏழைகள் ஏழைகளோடு மோதிச் சாகிறார்கள். ஆனால் அந்தச் சாவுகளில் பொதுவாக யாரும் டிரைவரை மாற்றுவதில்லை, ரத்தத்தை மாற்றுவதில்லை. அதனால்தான் இந்தக் கொஞ்சத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

நாம் கேட்க வேண்டியது தூக்குத் தண்டனை இல்லை. வண்டியின் சக்திக்கும் வயசுக்கும் சேர்த்து லைசென்ஸ் கேட்கணும். சாவு நடந்த வழக்கில், வீட்டு டிரைவர் தானாக வந்து ஒப்புக்கொண்டால், அதை அப்படியே எழுதிக்கொள்ளாமல் கேமராவையும் செல்போனையும் டீக்கடைக்காரரையும் விசாரிக்கச் சொல்லிக் கேட்கணும். விடியற்காலையில் பெருக்குகிறவர்களுக்கு ரோட்டில் தடுப்பு வைத்து, விளக்கு வைத்து வேலை தரச் சொல்லணும். வீட்டு டிரைவர்களுக்குச் சங்கம் வேணும். ‘மாட்டேன்’ என்று சொல்கிற ஆளுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கணும். என் சித்தப்பாவுக்குப் பின்னால் யாரும் இல்லை. நான்கூட இல்லை.

அந்த மே மாசக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். 1996ல போட்ட தளத்துக்குக் கீழேதான் டிவி. புனே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு இப்போது அறுபத்தாறு. கண் மங்கல், எழுத்து தெரியாது. பாதியிலிருந்து பார்த்தவர் என்னைக் கேட்டார்.

“டிரைவரு இன்னா ஆனான் தம்பி?”

“நான் ஓட்டலன்னு புகார் கொடுத்துட்டாராம் சித்தப்பா. அடைச்சி வச்சி ஒத்துக்கச் சொன்னாங்கன்னு. அந்தத் தாத்தாவையே அரெஸ்ட் பண்ணிட்டாங்க.”

“நெசமாவா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. செய்தி முடிந்து விளம்பரம் வந்துவிட்டது. அப்புறம், “சொல்லலாமா அப்படி” என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.

சொல்லலாம் சித்தப்பா. நீ ஓட்டவில்லை. அந்த அம்மாவை நீ கொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் லேட்டாக இதை நான் எழுதி வைக்கிறேன்.